காலடியில் ஒரு சுவிச்

மின்கிற்றாரை மின்சாரம் இல்லாமல் மீட்டினால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. சாதாரண கிற்றாருக்கு வயிறு உண்டு. தந்தியோடு பலகையும் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்வதால் அதற்குச் சொந்தக் குரல் இருக்கிறது. 1950களில் பெண்டர், கிப்சன் என்ற அமெரிக்க நிறுவனங்கள் கடைக்குக் கொண்டுவந்த மின்கிற்றாரின் உடம்போ கட்டி மரம். அது தானாக எழுப்புவது ஒரு முணுமுணுப்பு மட்டும்தான். அந்த முணுமுணுப்பை மின்னோட்டமாக்கி, காலடியில் வரிசையாக வைத்த பெடல்களுக்குள்ளால் ஓடவிட்டு, அம்பிளிபயரில் பெருக்கி, ஸ்பீக்கர் வழியாக வெளியே விட்ட பிறகுதான் றொக் இசையின் கிற்றார் பிறக்கிறது. ஆகவே வாத்தியம் என்பது தோளில் தொங்குகிற மரம் மட்டும் அல்ல. தந்தி தொடக்கம் சுவரில் இருக்கும் பிளக் வரைக்கும் எல்லாம் சேர்ந்தே வாத்தியம். பிளக்கில் மின்சாரம் இல்லையென்றால் மற்றதெல்லாம் ஊமை.

சாவகச்சேரியில் ஒரு தலைமுறை பிளக்கில் மின்சாரம் இல்லாமலே வளர்ந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கே மின்சாரம் நின்றது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஜாம் போத்தல் விளக்குத்தான். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ரோச்லைற்றுக்கும் றேடியோவுக்கும் போடும் பற்றரி, கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. தீர்ந்த பற்றரியில் துளை போட்டு உப்புத்தண்ணீர் விட்டு, வெயிலில் வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் உயிர் பிடிக்கப் பார்த்த காலம் அது.

அப்போதும் பாட்டு நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து சீற்றிலும் ஹாண்டிலிலும் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். வயர் ரேப் றெக்கோடருக்குப் போகும். முதலில் பி.பி.சி. தமிழோசை, ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி அதில்தான் வரும். பிறகு பாட்டு. சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் கசெற்றும் மெல்ல ஓடும். பாடகரின் குரல் தடிக்கும், கிற்றாரின் சுருதி இறங்கும். 'சுத்தடா' என்று அதட்டினால் மறுபடி ஏறும். உலகின் மேடைகளில் கிற்றார்க்காரர் கிற்றாரோடு இணைந்த ஒரு கம்பியை அமுக்கிச் சுருதியைத் தளர்த்தி இறுக்குவதை இங்கே ஒரு பொடியனின் களைத்த கை செய்தது.

இதில் எனக்குப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் ஒரு செப்புக்கம்பிச் சுருளும். காந்தப் புலம் மாறினால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்று மைக்கேல் பரடே 1831இல் கண்ட விதிதான் அதை ஓட்டுகிறது. மின்கிற்றாரின் தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பைத் திறந்து பாருங்கள். அங்கேயும் ஒரு காந்தம்; அதைச் சுற்றி மயிரிலும் மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். டைனமோவில் சில்லு காந்தத்தைச் சுழற்றுகிறது. பிக்கப்பில் உருக்குத் தந்தி துடித்து காந்தப் புலத்தைக் குலைக்கிறது. ஸ்பீக்கரில் அதே காந்தமும் சுருளும் திருப்பி வேலை செய்து, மின்னோட்டத்தைக் காற்றின் அசைவாக்குகின்றன. ரேப் றெக்கோடரில் கசெற் உரசிப் போகிற தலையிலும் ஒரு சுருள் இருக்கிறது.

1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலில் ஆர். சந்திரசேகரின் விரல்கள் கிற்றாரில் ஓடியதை, பத்து ஆண்டுக்குப் பிறகு சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சியின் ஒரு திண்ணையில் இருட்டுக்குள் இருந்து கேட்டவர்களுக்கு அந்த ஒலியைக் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம் காந்தமும் செப்பும்தான். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாட். லண்டனில் ஜிம் மார்ஷல் 1965இல் த ஹூ றொக் குழுவினருக்காகச் செய்த அம்பிளிபயர் 100 வாட். எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டிகளோடு அது ஆள் உயரத்துக்கு நின்றது. மூன்று வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் எங்களுக்கும் றொக் இசைக்கும் நடுவில் இருந்த தூரம். விதி இரண்டுக்கும் ஒன்றே.

கிற்றார் எங்களுக்கு அந்நியமும் அல்ல. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடிய பொப் பாடல்கள் இலங்கை முழுவதும் வானொலியில் ஒலித்தன. ஏ. ஈ. மனோகரன் அதைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டுபோனார். கோயில் திருவிழாக்களில் விடியவிடிய நடந்த இசைக்கோஷ்டிகளின் மேடையில் மின்கிற்றாரும் எக்கோ வைத்த மைக்கும் இருந்தன. மின்சாரத்தோடு அந்த மேடைகளும் போயின.

இனிப் பெடலுக்கு வருகிறேன். காலால் மிதிக்கிற ஒரு சின்ன உலோகப் பெட்டி. உள்ளே சில டிரான்சிஸ்டர், சில டையோட்டு, ஒரு 9 வோல்ற் பற்றரி. கிற்றாரிலிருந்து வருகிற அலையை அது சிதைக்கும், இழுக்கும், எதிரொலிக்க வைக்கும். இவற்றில் முதலில் பெயர் வாங்கியது சிதைக்கிற பெட்டி; பஸ் பெடல் என்பார்கள். அதன் வரலாறு முழுக்க முழுக்கப் பழுதுகளின் வரலாறு. 1958இல் லிங்க் றே என்ற கிற்றார்க்காரர் தன் அம்பிளிபயரின் ஸ்பீக்கரில் பென்சிலால் துளை போட்டு, 'றம்பிள்' என்ற இசையைப் பதிவுசெய்தார். அதில் ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அது வன்முறையைத் தூண்டும் என்று பயந்தார்கள். அடுத்து நாஷ்வில் நகரின் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் கிரேடி மார்ட்டின் வாசித்துக்கொண்டிருக்கையில் கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதாகி ஒலி கிழிந்து வந்தது. கிழிந்ததை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாட்டு 1961இல் பெரிய வெற்றி பெற்றது. அந்தப் பழுதை வேண்டும்போது எழுப்பித் தரும் பெட்டியாக 1962இல் மாஸ்ட்ரோ பஸ்ரோன் விற்பனைக்கு வந்தது. 1965இல் கீத் றிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகு உலகமே மிதிக்கத் தொடங்கியது. இடையில் 1964இல் லண்டனில் த கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்னப் பச்சை அம்பிளிபயரின் ஸ்பீக்கர் தாளை சவர அலகால் கிழித்துவிட்டு வாசித்தார்.

இதைப் படிக்கிறவருக்கு ஒரு இனிமையான முடிவு உடனே தோன்றும்: உடைந்தவற்றிலிருந்துதான் அழகு பிறக்கிறது, காயம்தான் குரல் ஆகிறது. றொக் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பலமுறை சொல்லிவிட்டார்கள். போரைப் பற்றி எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள். சாவகச்சேரியில் இருந்து பார்த்தால் இதை ஒப்புக்கொள்ள முடியாது.

1987 ஒக்ரோபர் 27ஆம் திகதி இந்திய அமைதிப்படையின் ஹெலிகொப்டர்கள் சாவகச்சேரிச் சந்தையை நோக்கிச் சுட்டன. மரக்கறி விற்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் செத்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு இடம்பெயர்ந்த வலிகாமத்துச் சனங்கள் நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குள் வந்து நிறைந்தார்கள். 2000 மே மாதத்தில் சண்டை சாவகச்சேரிக்குள்ளேயே வந்தது; செப்டெம்பரில் இராணுவம் நகரைத் திரும்பப் பிடித்தபோது அங்கே நகர் என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்து, ஏ9 வீதி திறந்து, திரும்பி வந்தவர்கள் கூரையில்லாத சுவர்களையும் தலையில்லாத தென்னைகளையும் பார்த்தார்கள். அந்த உடைவிலிருந்து எந்த அழகும் பிறக்கவில்லை. வீடு கட்டியவர்கள் கடன்பட்டுக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் தறப்பாளின் கீழே இருந்தார்கள். அழிவுக்கு ஒரு பலனைக் கண்டுபிடித்து ஆறுதல் சொல்வதை அந்தச் சனங்களுக்குச் செய்கிற அவமரியாதையாகவே நான் கருதுகிறேன்.

அப்படியானால் டேவ் டேவிஸின் கிழிந்த ஸ்பீக்கர் ஏன் பேசியது? இந்தக் கேள்வி என்னைப் பல காலமாக விடவில்லை.

பற்றரியில் ஒரு சின்ன விடை கிடைத்தது. பஸ் பெடல் பாவிக்கிற கிற்றார்க்காரர் சிலர் தீரப்போகிற பற்றரியைத் தேடிப் பிடிப்பார்கள். மின்னழுத்தம் குறைந்த பற்றரியில் அந்த ஒலி மென்மையாகத் தொய்ந்து, அணைகிற தணல் போலப் பொரியுமாம். இப்போது சில பெடல்களில், புதுப் பற்றரியைப் பழைய பற்றரிபோல நடிக்க வைப்பதற்கென்றே ஒரு திருகு வைக்கிறார்கள். ஒரு ஊரில் சாகப்போகிற பற்றரி ஒரு ருசி. இன்னொரு ஊரில் அதே பற்றரிக்கு உப்புத்தண்ணீர் ஊற்றி, தாய்மார் செய்தி கேட்கக் காத்திருந்தார்கள். இரண்டு பற்றரிக்குள்ளும் இருக்கும் இரசாயனம் ஒன்றே. ஒருவருக்கு அலுமாரியில் புதுப் பற்றரி இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

பெரிய விடையை ஜிமி ஹென்றிக்ஸ் என்ற கிற்றார்க்காரரிடம் கண்டேன். 1969 ஓகஸ்ட் 18ஆம் திகதி காலை, அமெரிக்காவின் வூட்ஸ்ரொக் இசை விழாவின் கடைசி இசைஞராக அவர் மேடையேறினார். தோளில் வலக்கைக்காரருக்கான வெள்ளைப் பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இடக்கைக்காரரான அவர் அதைத் திருப்பிப் பிடித்திருந்தார். பின்னால் மார்ஷல் அம்பிளிபயர்கள். காலடியில் மூன்று பெட்டிகள். ஒன்று, வட்டமான பஸ் பேஸ். அதன் முதல் வடிவத்தில் ஜேர்மானியம் டிரான்சிஸ்டர் இருந்தது; வெயில் ஏறினால் ஒலி மாறும், எங்கள் சித்திரை வெயிலுக்கு அது என்ன பாடுபடுமோ. மற்றது வா பெடல். பாதத்தை முன்னும் பின்னும் சாய்க்க, கிற்றார் வாயைத் திறந்து மூடுகிறது போல ஒலிக்கும். மூன்றாவது யுனிவைப். அதற்குள் ஒரு சின்ன மின்குமிழ் மங்கியும் ஒளிர்ந்தும் துடிக்க, அதைச் சுற்றி இருக்கும் நான்கு ஒளியுணரிகள் அந்தத் துடிப்பை இசைக்குள் கொண்டுவரும்.

இவற்றோடு அவர் அமெரிக்கத் தேசிய கீதத்தை வாசித்தார். பாட்டில் குண்டுகளைச் சொல்கிற இடம் வந்ததும் மெட்டை விட்டுவிட்டு, குண்டு விழுகிற ஒலியையே கிற்றாரில் எழுப்பினார். கீழே பாய்கிற விமானம், வெடிப்பு, அபாயச் சங்கு, ஓலம். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஹென்றிக்ஸும் 1961-62இல் பரசூட் படையில் பயிற்சி பெற்றவர். விமானத்தின் இரைச்சலை உள்ளே இருந்து கேட்டவர்.

சாவகச்சேரியில் வளர்ந்த காதுக்கு இது கலைச்செய்தி அல்ல. ஹெலியா, பொம்பரா, 'சகடை' விமானமா என்று வானத்தைப் பார்க்காமலே சொல்லத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். 1996இற்குப் பிறகு கிபிர் விமானமும் அந்தப் பாடத்தில் சேர்ந்தது. ஷெல் புறப்படுகிற 'டும்' கேட்டதும், அது வந்து விழுமுன் எத்தனை நொடி இருக்கிறது என்று உடம்பு தானாகவே கணக்குப் போடும். உலகின் எந்த இசைக்கல்லூரியும் இத்தனை நுட்பமான காதைப் பயிற்றுவித்திருக்காது. அந்தக் காதோடு அந்த வூட்ஸ்ரொக் பதிவைக் கேட்டால், முதலில் உடம்பு பங்கரைத் தேடும். இரசனை அதன் பிறகுதான் வரும், வந்தால்.

ஆனால் படமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. குண்டு விழுந்துகொண்டிருக்கையில் அவருடைய கைகளைப் பாருங்கள், பதற்றமே இல்லை. கிற்றாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒலி சுழன்று தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. ஸ்பீக்கரின் அதிர்வு தந்தியைத் தள்ள, தந்தி பிக்கப்பைத் தூண்ட, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போக, விட்டால் முடிவேயில்லாமல் அலறும். அவர் உடம்பைக் கொஞ்சம் திருப்புகிறார், அலறல் பணிகிறது. உள்ளங்கையைத் தந்தியில் வைக்கிறார், நிற்கிறது. விட்ட இடத்திலிருந்து கீதத்தின் அடுத்த அடி, ஒரு சுரமும் பிசகாமல், தொடங்குகிறது.

அங்கேதான் எனக்கு விளங்கியது. குண்டின் ஒலியைக் குண்டாக்குவது அதன் உரப்பு அல்ல. அதன் கரகரப்பும் அல்ல. கேட்டுக்கொண்டிருப்பவரால் அதை நிறுத்த முடியாது என்பதுதான். சந்தையில் நின்றவர்களிடம் சுவிச் இருக்கவில்லை. ஷெல்லடிக்குள் கிடந்த நகரிடம் சுவிச் இருக்கவில்லை. டேவ் டேவிஸ் தன் ஸ்பீக்கரைத் தானே தேர்ந்து, தன் கையால் கிழித்தார். பிடிக்காவிட்டால் புதுத்தாள் போட்டிருப்பார். பெடல் என்கிற பெட்டியின் உண்மையான கண்டுபிடிப்பு அதற்குள் இருக்கும் டையோட்டு இல்லை, மேலே இருக்கும் பொத்தான். ஒருமுறை மிதித்தால் உலகம் கிழியும். மறுமுறை மிதித்தால் கிற்றார் தன் சொந்தக் குரலுக்குத் திரும்பும். காயத்துக்குள் போகவும் வெளியே வரவும் வழி இருக்கிற மனிதனிடம்தான் இரைச்சல் பேச்சாகிறது. வழி இல்லாதவனுக்கு அது எவ்வளவு நுணுக்கமாக ஒலித்தாலும் தண்டனைதான்.

இது எங்களுக்குத் தெரியாத பாடமும் இல்லை. எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் 'கெட்டிமேளம்' என்று ஒரு கை உயரும். அதுவரை இராகம் வாசித்துக்கொண்டிருந்த நாதஸ்வரமும் தவிலும் ஒரே கணத்தில் வெடிக்கும். மண்டபத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்காது. அபசகுனமான ஒரு சொல்லும் மணமக்களின் காதில் விழக்கூடாது என்பதற்காக எழுப்புகிற இரைச்சல் அது. முடிச்சு விழுந்ததும் அந்தக் கை இறங்கும், இரைச்சல் நிற்கும். கூட்டமே சேர்ந்து தொடங்கி, கூட்டமே சேர்ந்து நிறுத்துகிற பெருஞ்சத்தம். அளவெட்டித் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கொண்டாடிய மண் இது; உரத்த ஒலிக்குப் பயப்படுகிற மரபு எங்களுக்கு இல்லை. எங்களைப் பயப்படப் பழக்கியது போர்.

இந்தப் பயம் இன்னும் இருக்கிறது. பட்டாசு வெடித்தால் எழுந்து வாசலுக்கு வருகிற மூத்தவர்களை எல்லாத் தெருவிலும் காணலாம். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தப் பயத்தாலேயே இன்றைய பிள்ளைகளின் சத்தத்தையும் அடக்கிவிடுகிறோம். மேடைக்கு வந்தால் பண்பாக, மெல்ல, பெரியவர்களுக்குப் பிடித்ததை வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். போர் முடிந்த 2009இற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அவர்கள். மின்சாரம் அவர்களுக்குத் தண்ணீர் போலச் சாதாரணம். கிற்றார் வீட்டுக்கு வந்துவிட்டது. சின்ன அம்பிளிபயரும் மலிவான பெடலும் இணையத்தில் கட்டளை கொடுத்தால் வாசலுக்கு வருகின்றன. தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டு, ஹெட்போனுக்குள்ளேயே மார்ஷல் அம்பிளிபயர் வாசிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். வசதிதான். ஆனால் ஹெட்போனுக்குள் அடங்கிய பெருஞ்சத்தம் பாதிச் சத்தம். தான் எழுப்பியது காற்றில் போய் அயலாரின் சுவரில் முட்டித் திரும்புவதை வாசிக்கிறவர் உடம்பால் உணர வேண்டும். தன் கால் நிறுத்தியதும் அந்தப் பெருஞ்சத்தம் நிற்பதையும் உணர வேண்டும். தங்கள் தாய்தகப்பனுக்குக் கிடைக்காத அந்த அதிகாரத்தை இந்தப் பிள்ளைகள் கையாளப் பழக வேண்டும். அது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள், ஒரு இனத்துக்கு நிறுத்த முடியாத சத்தத்தோடு எத்தனை ஆண்டு வாழ வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

ஆகவே சாவகச்சேரிக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். இந்துக் கல்லூரியிலும் டிறிபேர்க் கல்லூரியிலும் மற்றப் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்கள் இருக்கின்றன. ஸ்பீக்கரும் மைக்கும் வாடகைக்குத் தர சவுண்ட் சேர்விஸ்காரர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த மண்டபங்களில் ஒன்றைக் கிற்றார் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். எதை வாசிக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். கரகரத்தால் கரகரக்கட்டும். அயலில் நெஞ்சுப் படபடப்புள்ள மூத்தவர் இருந்தால், எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்று பிள்ளைகளையே அனுப்பி முன்கூட்டிச் சொல்ல வையுங்கள். அதற்குமேலும் அவருக்குத் தாங்கவில்லை என்றால் ஒருவர் போய்க் கை காட்டினால் போதும். பிள்ளைகள் நிறுத்துவார்கள்.